கையெழுத்துக்குப் பிறகு சோறு

போன வாரம் திவ்யா தொலைபேசியில் அழைத்தாள். நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த அமைப்பில் இப்போது அவள்தான் ஒருங்கிணைப்பாளர்.

“அக்கா, புது ஆப் வந்துருச்சு. இனிமே விவசாயிங்களே வயல், மோட்டார் ரூம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஏத்திருவாங்க. பழைய விதியெல்லாம் அதுக்குத் தக்கன திருத்திக்கிட்டு இருக்கோம். ரெண்டு விதி மட்டும் எதுக்குன்னே யாருக்கும் தெரியல” என்றாள்.

ஒன்று, சோதனைக்குப் போகிறவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போடும்வரை அந்த வீட்டில் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைக்கக் கூடாது. இரண்டு, உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் சிவப்புப் பட்டை அடித்த மருந்துத் தெளிப்பான் ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும்.

“மொத விதியால மனசு வருத்தப்படுறாங்கக்கா. சமைச்சு வெச்சுட்டு ஒக்காந்திருக்காங்க. ரெண்டாவதுக்கு ஆப்ல கட்டமே இல்ல. ரெண்டையும் எடுத்துரலாமா?”

“எடுக்கறதும் வைக்கிறதும் ஒங்க பாடு. எழுதித் தாரேன், படிச்சுட்டு முடிவு பண்ணுங்க” என்றேன். வாயால் சொன்னால் சிரித்துவிட்டு மறந்துவிடுவாள். எழுதினால் ஏதாவது ஒரு கோப்பிலாவது கிடக்கும். இரண்டு விதிகளும் எழுத்தில் ஏறியதற்குக் காரணம் நான் செய்த ஒரு தவறு. அதை மற்றவர்கள் சொல்லி அவள் கேட்பதைவிட நான் சொல்வது நல்லது.

எங்கள் வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். ரசாயன உரமும் மருந்தும் போடாமல் ஒன்று இரண்டு ஏக்கரில் பயிர் செய்கிறவர்களைக் கண்டுபிடித்து, அவர்கள் விளைவிப்பதைப் புதுக்கோட்டை டவுன் வீடுகள் வாரந்தோறும் வாங்கும்படி செய்வது. செய்து நிலைநிறுத்த எட்டு வருடம் பிடித்தது.

நான் வேளாண்மை படித்தவள் அல்ல. சைக்கிள் ஓட்டத் தெரிந்த பெண்களை எழுத்தறிவு வேலைக்கு ஊர் ஊராக எடுத்த காலத்தில் வீட்டைவிட்டு வெளியே வந்தவள். அதன்பிறகு பால் சங்கம், மகளிர் குழு என்று இரண்டு மூன்று இடம் மாறி, முப்பத்தெட்டு வயதில் இங்கே வந்து சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இலுப்பூர்ப் பக்கம் மொபெட்டில் சுற்றினேன். “மருந்தடிக்காம வெள்ளாமையா?” என்று கேட்டுச் சிரித்தார்கள், மோர் கொடுத்தார்கள், அனுப்பிவைத்தார்கள். மோர் நன்றாகவே இருந்தது.

விவசாயிகளைக்கூட வழிக்குக் கொண்டுவந்துவிட்டோம். டவுன் வீடுகள்தான் பெரும்பாடு. சனிக்கிழமை காலையில் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்வாசலில் சந்தை கூடும். முகூர்த்த நாளாக இருந்தால் எதிர்ப்புற வேப்பமரத்தடிக்குச் சாக்கோடு இடம்பெயர்வோம். மேளச்சத்தத்தில் கீரை விலை கேட்காது. வாங்க வருகிற வீடுகளிடம் ஒரே ஒரு வாக்குத்தான் கேட்டோம்: ஒரு வருடத்துக்கு வாரம் தவறாமல் வர வேண்டும், எது விளைந்ததோ அதை வாங்கிக்கொள்ள வேண்டும். சிறிய விவசாயிக்கு இந்த உறுதி இல்லாவிட்டால் அடுத்த பருவத்துக்கு அவர் மறுபடி மருந்துக் கடைக்குத்தான் போவார்.

முதல் ஐப்பசியில் நான்கு வாரம் தொடர்ந்து சுரைக்காய் வந்தது. லீலாவதி டீச்சர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நான்காவது வாரம் ஒரு சுரைக்காயை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். “சரோஜா, வீட்டுல நானும் அவரும் மட்டுந்தான். இதத் தின்னு தின்னு எங்களுக்குப் பேசிக்கவே விஷயம் இல்லாமப் போச்சு” என்றார். சொல்லிவிட்டு அதையும் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் தன் தெருவில் ஆறு வீடுகளைச் சேர்த்துவிட்டார். சுரைக்காயைப் பங்குபோட ஆள் வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

அப்படி நாற்பது வீடுகள் சேர்ந்தன. எங்களிடம் பரிசோதனைக்கூடம் கிடையாது. மருந்தடிக்காத காய் இது என்று சொல்வதற்கு மூன்று பேரின் கண்ணும் கையெழுத்தும்தான் இருந்தன. அமைப்பிலிருந்து ஒருவர், வேறொரு ஊர் விவசாயி ஒருவர், வாங்குகிற வீடுகளிலிருந்து ஒருவர். இந்த மூன்று பேர் வருடத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு வயலுக்கும் போய்ப் பார்ப்பார்கள். எப்படிப் பார்க்க வேண்டும் என்பது அடைக்கலம் சாரின் ஏற்பாடு.

அடைக்கலம் சார் எங்கள் செயலாளர். ஒல்லியான ஆள், எப்போதும் முழுக்கைச் சட்டை. பொத்தான் போட மாட்டார், மடக்கியும் விட மாட்டார். வயலில் அது இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும். யாரையும் ஒருமையில் அழைத்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். என்னைச் சாதாரணமாக “சரோஜா, வாங்க” என்பார். “மேடம்” என்றால் நான் எதையோ கெடுத்துவிட்டேன் என்று பொருள். ஒரு கேள்வியை ஒருமுறைதான் கேட்பார். பதில் வரும்வரை சும்மா நிற்பார். அந்த அமைதி தாங்காமல் எதிரில் இருப்பவர் உண்மையைச் சொல்லிவிடுவார். என்னிடமும் அது பலித்திருக்கிறது.

வயலுக்குப் போனதும் பயிரைப் பார்க்க விட மாட்டார். “பயிரு நம்மள மயக்கிரும். கடேசியாப் பாப்போம்” என்பார். முதலில் பக்கத்து வயல். அங்கே என்ன பயிர், என்ன அடிக்கிறார்கள், காற்று எந்தப் பக்கம் வருகிறது. அடுத்து தண்ணீர் வரும் வாய்க்கால். அப்புறம் குப்பைமேடு. ஒரு குச்சியால் கிளறுவார். “பாட்டில தூர எறிஞ்சுருவாங்க. மூடி இங்கனதான் கெடக்கும்.” பிறகு மோட்டார் கொட்டகை. அங்கே மூலையில் அடுக்கியிருக்கும் பழஞ்சாக்குகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார், பார்த்துவிட்டு இருந்தபடியே அடுக்கிவைப்பார். கடைசியில் தெளிப்பான்.

முதுகில் மாட்டி அடிக்கும் தெளிப்பானை எங்கள் பக்கத்தில் டேங்க்கு என்பார்கள். ரசாயனம் அடிக்காதவருக்கும் அது வேண்டும். வேப்பங்கொட்டைச் சாறும் இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலும் அதில்தான் அடிக்க வேண்டும். சார் அதில் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, நூறு எண்ணும்வரை குலுக்குவார். மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். நாங்கள் இரண்டு பேரும் மோந்து பார்க்க வேண்டும். மூன்று மூக்கும் ஒத்துக்கொண்டால்தான் ‘தெளிப்பான் சுத்தம்’ என்று எழுதலாம்.

இவ்வளவும் முடியும்வரை வீட்டில் தண்ணீர் மட்டும். அப்போது அது எழுதிய விதி அல்ல, அவர் வழக்கம். நான் சேர்ந்த புதிதில் காரணம் கேட்டேன். “சாப்புட்டுட்டு ஒருத்தவங்க வீட்டுக் குப்பையக் கிளற முடியுமா ஒங்களால?” என்றார். முடியும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பழனியம்மாளுக்கு ஆலங்குடி தாண்டி ஒரு சிற்றூர். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலை. ஒன்றரை ஏக்கரை அவளே பார்த்தாள். அதில் கத்திரி, வெண்டை, பாதி இடத்தில் நிலக்கடலை. அவளுடைய கத்திரிக்காய்க்காகவே டவுன் வீடுகள் ஏழு மணிக்கு முன்னால் வரும். காய் சின்னதாக இருக்கும், சொத்தை ஒன்றிரண்டு இருக்கும். அதை அவளே தனியாகப் பொறுக்கி “இது புழு தின்னது, எடுக்காதீங்க” என்று ஒதுக்கிவிடுவாள். எங்கள் சந்தையைப் பார்க்க வெளியூரிலிருந்து யார் வந்தாலும் நான் அவள் வயலுக்குத்தான் கூட்டிக்கொண்டு போவேன். அவள்மேல் எனக்கு இருந்தது பிரியம் என்றே சொல்ல வேண்டும்.

அவள் வயலை ஒட்டி அவள் கொழுந்தன் முருகேசனின் நெல்வயல். இரண்டு பேருக்கும் ஒரே பங்குக் கிணறு. இன்றைக்கு இவளுக்கு, நாளைக்கு அவருக்கு என்று முறைவைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். முருகேசன் மருந்து, உரம் எல்லாம் போடுகிறவர்தான். நடுவில் எங்கள் விதிப்படி அகலமான வரப்பும் அதில் அகத்தியும் இருந்தன. அதனால் அதுவரை தொல்லை இல்லை.

அந்த வருடம் ஆடிக் கடைசியில் சோதனைக்கு நான், லீலாவதி டீச்சர், நார்த்தாமலைப் பக்கத்து விவசாயி சின்னையா மூன்று பேர். சார் வரவில்லை, இனி நீங்களே பாருங்கள் என்று விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. சின்னையா பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார். வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார். முதல் நாள்தான் ஊரில் கிடா வெட்டு. பழனியம்மாள் வீட்டில் கறிக்குழம்பு அடுப்பிலேயே இருந்தது.

“அக்கா, அண்ணே வாரதுக்குள்ள ரெண்டு வாயி சாப்புடுங்க.”

“பாத்துட்டுச் சாப்புடுறேன் பழனி.”

“என்னக்கா, எங்க வயல நீங்க பாக்காததா?”

டீச்சர் சனிக்கிழமை போக மற்ற நாளில் கறி சாப்பிடுவார், ஆனால் அன்றைக்குத் தண்ணீர் போதும் என்றார். நான் உட்கார்ந்தேன். காலையில் ஐந்து மணிக்குக் கிளம்பிய பசி. இரண்டு முறை குழம்பு வாங்கினேன்.

சின்னையா வந்ததும் நேரமாகிவிட்டது என்று வேலையைப் பிரித்துக்கொண்டோம். அவரும் டீச்சரும் வரப்பையும் வாய்க்காலையும் பார்க்கப் போனார்கள். நான் பழனியம்மாளோடு மோட்டார் கொட்டகைக்குப் போனேன். தெளிப்பான் மாட்டும் கொக்கி வெறுமனே இருந்தது.

“டேங்க்கு எங்க பழனி?”

“கொழுந்தன் வாங்கிட்டுப் போயிருக்குக்கா. சாயந்தரம் வந்துரும்.”

முருகேசன் வயல் அந்தக் கொட்டகையிலிருந்து நூறு அடி. அவர் அங்கே நிற்பது தெரிந்தது. முதுகில் பழனியம்மாள் டேங்க்கின் நீல நிறத்தில் ஏதோ இருப்பதும் தெரிந்தது. போய், என்ன அடிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அவள் வீட்டில் சாப்பிட்ட கை இன்னும் குழம்பு மணத்தது. இப்போது போய் விசாரித்தால் அவளைச் சந்தேகப்படுவது போல ஆகுமே என்று தோன்றியது. அந்த டேங்க்கை நான் எத்தனையோ தடவை மோந்து பார்த்தவள்தானே என்றும் தோன்றியது. படிவத்தில் ‘தெளிப்பான்: பார்க்கப்பட்டது. சுத்தம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மற்ற இரண்டு பேரும் என்னை நம்பி அதன் கீழே போட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதன்கிழமை அவளிடமிருந்து போன் வந்தது. “அக்கா, கத்திரி எலையெல்லாம் திருகிக்கிட்டு நூலு மாரி ஆயிருச்சு. ஏதோ நோவு வந்துருச்சுக்கா. ஒரு எட்டு வந்து பாருங்க.”

சாரிடம் சொன்னேன். “பக்கத்துல என்ன பயிரு?” என்று கேட்டார். நெல் என்றேன். செருப்பைத் தேடினார். “வாங்க, போவோம்.”

அன்றைக்கு மட்டும் அவர் நேராகப் பயிருக்குப் போனார். வரிசை வரிசையாக நடந்தார். குருத்து இலைகள் குறுகி, நரம்பு தடித்து, முறுக்கிக்கொண்டு இருந்தன. குனிந்து செடிகளுக்கு அடியில் இருந்த களையைப் பார்த்தார். அங்கே முளைத்திருந்த கீரைத்தண்டும் திருகிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே அருகம்புல் ஒன்றும் ஆகாமல் பச்சையாக நின்றது. வயலின் மேற்கு ஓரம் கடைசி நாலு வரிசைக் கத்திரியும் நன்றாக இருந்தது.

“இந்த நாலு வரிசைக்கு என்ன செஞ்சீங்கம்மா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் செய்யலீங்க சார். போன வாரம் திங்கக்கெழம இஞ்சி பூண்டுக் கரைசல் அடிச்சேன். இந்த நாலு வரிசைக்கு முன்னாடி தீந்துபோச்சு. சரி, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.”

சார் மோட்டார் கொட்டகைக்கு நடந்தார். இப்போது கொக்கியில் தெளிப்பான் தொங்கியது. இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினார். குலுக்கினார். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

“நீங்க பாருங்க மேடம்.”

நெல்லுக்கு அடிக்கிற களைக்கொல்லியின் நெடி. மருந்துக்கடை வாசலில் நிற்பது போல இருந்தது. அது புல்லை ஒன்றும் செய்யாது, நெல்லையும் செய்யாது. அகன்ற இலை எதுவானாலும் முறுக்கிவிடும். கத்திரிக்கு ஒரு துளி போதும்.

பழனியம்மாளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தெளிப்பானைப் பார்த்தாள், முருகேசனின் வயலைப் பார்த்தாள். “நா மூணு தண்ணி ஊத்தி அலசிட்டுத்தானே சார் ஊத்துனேன்” என்றாள். மூன்று தண்ணீருக்கு அது போகாது. டேங்க்கிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கும். அவள் தன் கையாலேயே தன் கத்திரிக்கு அதை அடித்திருக்கிறாள். பிறகு கேட்டாள், “அந்த வாரம் சனிக்கெழம காயி கொண்டாந்தேனே சார்?”

கொண்டுவந்திருந்தாள். ஏழு மணிக்கெல்லாம் விற்றும் போயிருந்தது.

எங்கள் விதி கடினமானது. காரணம் எதுவானாலும் வயலில் ரசாயனம் பட்டால் ஒரு வருடம் சந்தையில் இடமில்லை. பழனியம்மாளுக்கு அந்தச் சனிக்கிழமை என்பது வெறும் விற்பனை இல்லை. ஊரில் அவளைப் பைத்தியக்காரி என்றவர்கள் முன்னால் அவள் நிமிர்ந்து நின்றது அந்தக் கத்திரிக்காயை வைத்துத்தான்.

அன்று மாலையே உறுப்பினர் கூட்டம் கூடியது. ஒரு விவசாயி சொன்னார்: “ஒரே ஒரு தடவ, அதுவும் தெரியாமப் பட்டது. கத்திரியப் பிடுங்கி எறிஞ்சுட்டு அடுத்த வெள்ளாம பாக்கச் சொல்லுவோம். வெளிய சொன்னா நாப்பது வீடும் நம்ம எல்லாரையும்தான் சந்தேகப்படும்.” இன்னும் சிலர் தலையாட்டினார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான். எட்டு வருடமாகக் கட்டியது.

சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறந்து, “சோதன நடந்து மூணு வாரந்தான் ஆகுது. அப்ப டேங்க்கு எப்புடி இருந்துச்சு?” என்று பொதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். என் படிவம் அவர் முன்னால் இருந்த கோப்பில்தான் இருந்தது. எனக்கு வாய் வரவில்லை. பழனியம்மாள் என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவள் நினைத்தது எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் பேசவில்லை. என் வேலையில் நான் மிகவும் வெட்கப்படுகிற நேரம் அதுதான்.

கடைசியில் அவளே சொன்னாள், “சனிக்கெழம நானே வந்து சொல்லிர்றேன் சார். எங் காயத் தின்னவங்களுக்கு நாந்தான் சொல்லணும்.”

சனிக்கிழமை அவள் கூடை இல்லாமல் முதல் பஸ்ஸில் வந்தாள். வழக்கமாக உட்காரும் இடத்தில் நின்றுகொண்டே சொன்னாள். என்ன நடந்தது, எந்த வாரத்துக் காய், அதில் என்ன பட்டிருக்கலாம் என்று ஒன்றையும் விடவில்லை. கூட்டத்தில் ஒருவர் கோபமாகக் கேட்டார்: “அப்ப நீங்க வந்து பாத்து பாத்துக் கையெழுத்துப் போடுறதெல்லாம் எதுக்கு?”

“அன்னைக்கு டேங்க்கு அங்கன இல்லீங்க” என்றாள் பழனியம்மாள். “அவங்க மேல தப்பு இல்ல.”

நான் குறுக்கிட்டேன். “இல்லாத டேங்க்கைப் பாத்தேன்னு எழுதுனது நான்தான்” என்றேன். கொக்கி வெறுமனே இருந்தது, நான் நூறு அடி நடக்கவில்லை, அதற்கு முன்னால் அவள் வீட்டில் சாப்பிட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

லீலாவதி டீச்சர் முன்னால் வந்தார். “நானும் அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்டிருக்கேன் சரோஜா. நீ பாத்திருப்பேன்னு நம்பிப் போட்டேன். நான் தண்ணி மட்டுந்தான் குடிச்சேன். நீ ரெண்டு தடவ கொழம்பு வாங்குன” என்றார். யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை.

ஏழு வீடுகள் அன்றோடு நின்றுவிட்டன. அவற்றில் இரண்டு பிறகு வந்தன, ஐந்து வரவே இல்லை. மீதி வீடுகள் நின்று பேசின. விதிப்படி பழனியம்மாளுக்கு ஒரு வருடம் என்றார் சார். யாரும் குறைக்கச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. டீச்சர் மட்டும் ஒன்று கேட்டார்: “அவங்க எடத்துல வேற யாரும் கட போட வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். ஒரு வருஷம் நாங்க கத்திரிக்கா இல்லாம இருந்துக்கிறோம்.” மற்றவர்கள் சரி என்றார்கள்.

எல்லோரும் போனபின் சார் என்னிடம் வந்தார். “அவங்களுக்கு ஒரு வருஷம்னா ஒங்களுக்கும் ஒரு வருஷம் மேடம். சோதனைக்குப் போக வேண்டாம். சந்தைக்கு வாங்க.” அந்த வருடம் நான் மூட்டை இறக்கினேன், தராசு துடைத்தேன். சனிக்கிழமை தோறும் பழனியம்மாளின் இடத்தில் ஒரு வெறுஞ்சாக்கை விரித்துவைப்பது என் வேலையாக ஆனது. முகூர்த்த நாளில் அந்தச் சாக்கையும் வேப்பமரத்தடிக்கு எடுத்துப்போய் விரித்தேன். புதிதாக வருகிறவர்கள் அது யார் இடம் என்று கேட்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் முழுக்கதையையும் சொல்ல வேண்டியிருந்தது. சாருக்கு அது தெரிந்துதான் அந்த வேலையைக் கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

பழனியம்மாள் விற்க முடியாவிட்டாலும் கூட்டங்களுக்கு வந்தாள். இனி உறுப்பினர் யாரும் தெளிப்பானை இரவல் கொடுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் வந்தபோது அவள்தான் எழுந்தாள்.

“பங்குக் கெணத்துல மொற வெச்சுத் தண்ணி பாய்ச்சுறவ நான். இன்னைக்கு டேங்க்கு இல்லைன்னா நாளைக்கு எனக்குத் தண்ணி இல்ல. ஒரு நல்லது பொல்லதுக்கு வாசல்ல யாரு வந்து நிப்பா? கேட்டா இல்லைன்னு சொல்ல எங்களால ஆகாது. நீங்க எழுதி வெச்சாலும் நாங்க குடுப்போம், ஒங்களுக்குத் தெரியாமக் குடுப்போம். அதுக்குக் குடுக்கறதுக்குன்னே ஒரு டேங்க்கு வெச்சுக்கிறோம். அது நம்ம வயலுக்குள்ள எறங்காது.”

சார் கண்ணைத் திறந்தார். இரவல் டேங்க்குக்குச் சிவப்புப் பட்டை அடிப்பது என்று அன்றே முடிவானது. கையெழுத்துவரை தண்ணீர் மட்டும் என்ற சாரின் வழக்கமும் அன்றுதான் எழுத்தில் ஏறியது.

முருகேசனுக்கு அது பிடிக்கவில்லை. சிவப்பு டேங்க்கை முதல் தடவை எடுத்துக் கொடுத்தபோது, “என்ன மதினி, எனக்குத் தனிப் பாத்திரமா?” என்று கேட்டுவிட்டு வாங்காமல் போய்விட்டார். இரண்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. கிணற்று முறையில் அவள் பங்குத் தண்ணீர் பாதியில் நின்றது. ஒரு நாள் காலையில் கொட்டகை வாசலில் வந்து நின்று, “அந்தச் செவப்ப எடுங்க” என்றாராம். அடுத்த நாளிலிருந்து தண்ணீர் முழுதாக வந்தது.

வருடம் முடிந்தது. பழனியம்மாளின் மறுசோதனைக்கு மூன்று பெயர் எழுதியபோது சார் என் பெயரையும் எழுதினார். எனக்கு வேண்டாம் என்றேன். அது தன் முடிவல்ல என்றார் சார். “அவங்க கேட்டாங்க. சரோஜாக்கா வராட்டி சோதனையே வேண்டாம்னுட்டாங்க.”

மறுபடியும் டீச்சர், சின்னையா, நான். ஊரில் மறுபடியும் கிடா வெட்டு முடிந்திருந்தது. பஸ்ஸைவிட்டு இறங்கியபோதே குழம்பு மணத்தது. பழனியம்மாள் வாசலில் நின்றாள். வாங்க என்றாள். உள்ளே போகச் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். வெயிலில் நின்று குடித்தோம்.

இந்த முறை மூன்று பேரும் பிரியவில்லை. பக்கத்து வயல், வாய்க்கால், குப்பைமேடு. நானே குச்சியை வாங்கிக் கிளறினேன். பழனியம்மாள் பின்னாலேயே வந்து, “அங்கிட்டும் பாருங்க” என்று இரண்டு தடவை சொன்னாள். கொட்டகையில் நீலத் தெளிப்பான் கொக்கியில் இருந்தது. தண்ணீர் ஊற்றி நூறு எண்ணிக் குலுக்கினேன். மூன்று பேரும் மோந்து பார்த்தோம். பூண்டு வாடை மட்டும் இருந்தது. பக்கத்தில் இன்னொரு கொக்கி வெறுமனே இருந்தது.

நான் கேட்பதற்கு முன்னாலேயே அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள். முருகேசன் வயலுக்கு நூறு அடி. அவர் முதுகில் சிவப்புப் பட்டை தெரிந்தது. “திரும்புங்க, அக்கா பாக்கணும்” என்றாள் கொழுந்தனிடம். அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி நின்றார்.

திவ்யா, உங்கள் ஆப்பில் வெறுங்கொக்கியையும் படம் எடுத்து ஏற்றலாம், தடை ஒன்றும் இல்லை. அதில் இருந்தது எங்கே என்று யார் கேட்பார்கள் என்பதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் கொட்டகைப் படியில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். மணி இரண்டைத் தாண்டியிருந்தது, தலை கிறுகிறுத்தது. கையெழுத்துப் போட்டு டீச்சரிடம் கொடுத்தேன். அவர் இந்த முறை நான் எழுதியதை வரி வரியாகப் படித்துவிட்டுப் போட்டார். சின்னையாவும் போட்டார். வீட்டை நோக்கி நடந்தோம். பழனியம்மாள் முன்னால் போய் வாசல் நிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“கையெழுத்து ஆச்சாக்கா?”

“ஆச்சு.”

“மூணு பேருமா?”

“மூணு பேரும்.”

தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். மூன்று கையெழுத்தையும் விரல் வைத்து எண்ணினாள். மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

“அப்ப வாங்க, எலை போடுறேன்” என்றாள்.